சென்னை ஈரக்காற்றில் கார் மாடலுக்குப் பெயின்ட் அடிப்பது: சில வருட அனுபவம்

கார் மாடல் செய்வதில் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுகிற வேலை எளிது. கஷ்டமெல்லாம் பெயின்ட்டில்தான். போர் டாங்கி செய்கிறவர் சேறும் துருவும் பூசி ஒரு குறையை மறைத்துவிடலாம். காருக்கு அந்த வழி கிடையாது. பானெட்டில் பார்க்கிறவர் முகம் தெரிய வேண்டும், அதில் விழுந்த ஒற்றைத் தூசியும் கூடவே தெரியும். சில வருடங்களாக 1/24 அளவில் கார்கள் செய்துவருகிறேன். வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது இந்த ஊர்க் காற்றுக்கு ஒத்துவந்தது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அடுத்தடுத்து கிட் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி) வாங்குவதில் காசைப் போடாதீர்கள், காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரிலும் பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் நல்ல தின்னரிலும் போடுங்கள்.

ஏன் ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட்டைத் தூவும் பேனா போன்ற கருவி), சாதாரண பிரஷ்ஷால் அடிக்கக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். 1/24 என்றால் நிஜக் காரின் 24இல் ஒரு பங்கு. 3.05 மீட்டர் நீளமுள்ள பழைய மினி கூப்பர் 12.7 செ.மீ. ஆகிவிடும். பெயின்ட்டின் தடிமனையும் நம் கண் அதே கணக்கில்தான் பார்க்கிறது. 0.1 மி.மீ. தடிமனுக்கு அடித்தால், நிஜக் காரில் 2.4 மி.மீ. அப்பியதற்குச் சமம். கதவு இடுக்குகள் அடைந்து, கைப்பிடியும் பேட்ஜும் மழுங்கி, கார் பொம்மையாகிவிடும். சீட், டாஷ்போர்டு, எஞ்சினுக்கெல்லாம் பிரஷ் போதும். பாடிக்குப் போதாது.

என்னிடம் இருப்பது 0.3 மி.மீ. நாஸில் (பெயின்ட் வெளிவரும் முனை) உள்ள டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ். பட்டனை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். பிரைமருக்கும் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சு) கிளியருக்கும் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) மட்டும் 0.5 இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். வருடங்கள் ஓடியும் நாஸில் நன்றாகவே இருக்கிறது. மாற்றவேண்டி வந்தவை உள்ளே இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குகள்தான். லேக்கர் எனும் சீக்கிரம் காயும் பெயின்ட்டின் தின்னர் பட்டால் ரப்பர் ஊதிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள், ஊசிக்கான சீல் டெஃப்லான்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஏர்பிரஷ்ஷைவிட முக்கியம் கம்ப்ரசர். டேங்க் இல்லாதது விலை குறைவு, ஆனால் காற்று துடித்துத் துடித்து வரும். குறைந்தது 3 லிட்டர் டேங்க் உள்ளதாக வாங்குங்கள். காற்றை அழுத்தும்போது சூடாகிறது, ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படிகிறது. நம் ஊரில் இது கொஞ்சநஞ்சமல்ல. வேலை முடிந்ததும் டேங்க்கின் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் தண்ணீர் வடிவதைக் கண்ணால் பார்க்கலாம். அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரோடு வரும் ஈரப்பிடிப்பான் மட்டும் இங்கே பத்தாது. காற்று சூடாகவே அதைத் தாண்டி, ஹோஸில் ஆறிப்போய், தண்ணீராகி பெயின்ட்டோடு கலந்து தெறிக்கும். ஏர்பிரஷ்ஷின் கைப்பிடிக்கு அருகே இன்னொரு சின்னப் பிடிப்பான் மாட்டியதிலிருந்து அந்தத் தொல்லை எனக்கு இல்லை. செலவு சொற்பம், பலன் பெரிது.

பெயின்ட்டுக்கு வருவோம். ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவில் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகள் அக்ரிலிக், எல்பி வரிசை லேக்கர், டிஎஸ் வரிசை 100 மி.லி. ஸ்ப்ரே டப்பாவில் வரும் லேக்கர். உள்பாகங்களுக்கு அக்ரிலிக் அருமை, வாசனையும் குறைவு. பாடிக்கு நான் லேக்கரைத்தான் சொல்வேன். மெல்லிசாகப் படியும், கெட்டியாகக் காயும், காய்ந்தபின் தேய்த்துப் பாலிஷ் போடலாம். பால் பதத்துக்குக் கலக்கி, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் ஆரஞ்சு பீல் (ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு) பெரும்பாலும் வராது.

ஆனால் லேக்கருக்கும் கடலோர ஊருக்கும் ஒரு பகை உண்டு. லேக்கர் தின்னர் படுவேகமாக ஆவியாகும். அப்போது பெயின்ட்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். கறுப்பு அடித்தால் சாம்பல் பூத்துவிடும், சிவப்பு பால் கலந்தது போலாகிவிடும். இதற்கு மருந்து, மெதுவாக ஆவியாகும் தின்னர். தமியாவில், காய்வதைத் தாமதிக்கும் ரிட்டார்டர் கலந்த லேக்கர் தின்னர் தனியாக வருகிறது, ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் லெவலிங் தின்னரும் அதே வகை. இரண்டையும் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். சென்னையில் இருப்பவர் சாதாரண லேக்கர் தின்னரை வாங்கவே வேண்டாம், நேராக இதற்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே வெளுத்துப்போன பாடிமேல் இதையே நீர்க்க ஒரு கோட் அடித்தால், வெளுப்பு பெரும்பாலும் கரைந்து போய்விடும். பெயின்ட்டை உரிக்க வேண்டியதில்லை.

நேரமும் பார்க்க வேண்டும். அதிகாலை குளுமையாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள், ஈரப்பதத்தின் சதவீதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறியபின், கடல்காற்று உள்ளே வருவதற்கு முன் உள்ள நேரம்தான் எனக்குக் கைகொடுக்கிறது. மேசையில் ஒரு ஈரப்பதமானி இருக்கிறது. 70க்கு மேல் காட்டினால் அன்று பாடி வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களை ஒட்டுவதற்கும் சீட் பெயின்ட் அடிப்பதற்கும் ஒதுக்கிவிட்டேன்.

இந்தப் பாடமெல்லாம் ஒரே காரில் ஒன்றாக வருவதைப் பார்க்க, தமியாவின் மினி கூப்பர் 1275எஸ் ரேலி கிட்டைச் சொல்வேன். 1967 மான்டே கார்லோ ரேலி கார் பந்தயத்தில் ரௌனோ ஆல்டோனன் ஓட்ட, ஹென்றி லிடன் வழிகாட்ட, வென்ற 177ஆம் எண் கார். முந்தைய வருடம் மினிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தும், ஹெட்லைட் விதியைக் காட்டி நீக்கிவிட்டார்கள். அந்தக் கதை தெரிந்து இந்தக் காரைச் செய்யும்போது கை தானாகவே கவனமாகிறது. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை. அந்த வெள்ளை தூய வெள்ளை அல்ல, லேசாகப் பழுப்பேறிய ஓல்டு இங்கிலிஷ் ஒயிட். பளிச்சென்ற வெள்ளையை அடித்தால் கார் தப்பாகத் தெரியும்.

வெளிர்நிறத்தை முதலில் அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின் கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடிச் சிவப்புக்குப் போக வேண்டும். டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் அதே வெள்ளையை இன்னொரு முறை மெல்லிசாக அடித்துவிட்டு, அப்புறம் சிவப்பு அடியுங்கள். கசிவதானால் வெள்ளைதான் கசியும், கோடு கத்தி போட்டது போல வரும். சிவப்பின் அடியில் பிங்க் பிரைமர் இருந்தால் நிறம் ஆழமாக நிற்கும். சில கிட்கள் சிவப்பு பிளாஸ்டிக்கிலேயே வரும், அதன் சாயம் மேலே அடித்த வெள்ளைக்குள் ஊறி வந்துவிடும். முதலில் ஒரு சில்வர் கோட் அடித்தால் அதைத் தடுக்கலாம். ஃபென்டரில் ஓடும் அச்சுக்கோட்டை (வார்ப்பு அச்சு விட்ட தடம்) தேய்த்து எடுப்பதும் கதவு இடுக்குகளைக் கொஞ்சம் ஆழப்படுத்துவதும் பிரைமருக்கு முன்பே முடிய வேண்டும்.

டீகால் (எண், சின்னம் அச்சடித்த மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டியபின் வரும் கிளியர் லேக்கர், டீகாலைக் கரைத்துவிடக்கூடியது. முதல் இரண்டு கோட் தூறலாக மட்டும் விழட்டும். அப்புறம் பொறுமை. பாடியை மூக்கருகே கொண்டுபோனால் வாசனை வரக்கூடாது, அதுவரை தொடாதீர்கள். காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (மிக நைசான உப்புத்தாள்) சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தமியாவின் மூன்று பாலிஷ் காம்பவுண்டுகளை வரிசையாகப் போட்டால், குழல்விளக்கின் பிம்பம் கூரையில் நேர்க்கோடாக விழும். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை வேலையும். விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள்.

எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. வாட்டர் பேப்பர் ஜி.பி. ரோட்டில் கார் பெயின்ட் கடைகளிலேயே கிடைக்கும். ஏர்பிரஷ் கழுவ ஹார்டுவேர் கடை என்சி தின்னர் போதும், ஆனால் அதை மாடலின் பிளாஸ்டிக்மேல் படவிடக் கூடாது. கார் கண்ணாடிகளை ஒட்ட ஃபெவிகால் அற்புதம், காய்ந்தால் தெரியாது. சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை மங்கலாக்கிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. லேக்கர் ஆவியை என்95 மாஸ்க் தடுக்காது, அது தூசிக்கானது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய மாஸ்க் அவசியம், ஆவியை வெளியே தள்ளும் ஃபேனும் அவசியம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது இரட்டிப்பு முக்கியம். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

செய்துமுடித்த கார்கள் எப்படி இருக்கின்றன? லேக்கர் பாடிகள் பளபளப்புக் குறையாமல் நிற்கின்றன. வெயில் படும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள், சிவப்பு வெளுக்கும். பழைய கிட்களின் வினைல் டயர்களில் உள்ள பிளாஸ்டிசைசர் (மென்மையாக்கும் ரசாயனம்), பாலிஸ்டைரீன் தட்டில் நெடுநாள் படிந்திருந்தால் அதைக் கரைக்கும், டயர் ஒட்டிக்கொண்டுவிடும். அடியில் ஒரு அலுமினியத் தாள் துண்டு வைத்தால் போதும்.

விலைதான் வருத்தம். அளவு குறைத்த மாடல்களும் சுங்கக் கணக்கில் பொம்மைகளோடுதான் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. பெயின்ட் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலில் வராது, உள்ளூர் விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும். இந்த நிலையில் முதல் காராக விலையுயர்ந்த ஃபெராரியை எடுக்க வேண்டாம். அயோஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் ஜிம்னியை எடுங்கள். பசை வேண்டாம், பிளாஸ்டிக்கே பாடி நிறத்தில் வருகிறது. அதன்மேல் கிளியர் அடித்து, தேய்த்து, பாலிஷ் போட்டுப் பழகுங்கள். கை பழகியதும் மினிக்குப் போகலாம்.