இரண்டு டாலர் ஓடும் தீவு: பார்படாசில் பணம் புழங்கிய அனுபவம்

கரீபியத் தீவு நாடான பார்படாசில் எதற்காவது விலை கேட்டால் "நாற்பது டாலர்" என்பார்கள். எந்த டாலர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளூர்ப் பணம் பார்படாஸ் டாலர். அதோடு கூடவே அமெரிக்க டாலரும் கடை கடையாகப் புழங்குகிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர் என்பது கணக்கு. அதனால் கேட்காமல் விட்டால் நாம் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டி வரும். அந்த ஊர் மக்களைப் 'பேஜன்' என்பார்கள், அவர்கள் பணத்துக்கும் அதே பெயர்தான். "பேஜனா, யூஎஸ்ஸா?" என்று கேட்பதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நானும் மனைவியும் டொராண்டோவில் இருக்கிறோம். சில வருடங்களாகக் குளிர்காலத்தில் கொஞ்ச நாள் பார்படாசின் தென்கரையில், வொர்திங் பக்கம், சமையலறை உள்ள சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறோம். காய்கறி வாங்கி, பஸ்ஸில் போய், மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிடுகிற வகை விடுமுறை. எல்லாவற்றையும் ரிசார்ட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு 1975 ஜூலையில் தொடங்கியது, இன்றுவரை மாறவில்லை. சுற்றுலாப் பயணிக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, ரேட் தினமும் ஆடுகிற ஊர்களுக்குப் போய்வந்தவர்கள் உடனே உணர்வார்கள். விலையைப் பாதியாக்கினால் அமெரிக்க டாலர் கணக்கு வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்த நிலைத்தன்மை சும்மா கிடைத்ததில்லை. 1991-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றிப்போனபோது, நாணயத்தின் மதிப்பைக் குறைப்பதற்குப் பதிலாக அரசு ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டினார்கள். 2018-ல் புதிதாக வந்த பிரதமர் மியா மோட்லியின் அரசு வெளிநாட்டுத் தனியார் கடனுக்குப் பணம் கட்டுவதையே நிறுத்திவைத்தது. அப்போதும் இந்தக் கணக்கில் கைவைக்கவில்லை. நமக்கு மனக்கணக்கு சுலபமாக இருக்கிறது என்றால், அதற்கான விலையை அந்த ஊர் மக்கள் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நோட்டுகள் மேல் எனக்குத் தனி மரியாதை.

நோட்டுகளும் அழகானவை. 2022 கடைசியிலிருந்து பாலிமரில், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக்கில், அச்சிடுகிறார்கள், அதனால் கடலில் நனைந்தாலும் பிரச்சினை இல்லை. ஐந்து டாலர் நோட்டில் இருப்பவர் கிரிக்கெட் வீரர் ஃபிராங்க் வொரெல். ஒரு டாலர் என்பது ஏழு பக்கம் கொண்ட நாணயம், அதில் பறவைக் கோலா மீன் இருக்கும். இந்த நாணயத்தை மட்டும் செலவழித்துத் தீர்த்துவிடாமல் எப்போதும் கொஞ்சம் வைத்திருங்கள். காரணம் பஸ்.

அரசு பஸ்கள் நீல நிறம். அதில் உள்ளூர்ப் பணம்தான் செல்லும், சரியான சில்லறையாகக் கொடுக்க வேண்டும், பாக்கி தரமாட்டார்கள். கட்டணம் மூன்றரை டாலர், பேஜன் கணக்கில். பஸ்ஸைத் தவிர, வெள்ளை நிறத்தில் மெரூன் பட்டை போட்ட வேன்கள் ஓடுகின்றன. நம்பர் பிளேட்டில் உள்ள எழுத்தை வைத்து இசட்-ஆர் என்று கூப்பிடுவார்கள். அதற்கும் இதே கட்டணம்தான், ஆனால் நடத்துனர் பாக்கி தருவார். பாட்டு காதைப் பிளக்கும், நாலு பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர் இருப்பார்கள், ஆனாலும் தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்குப் போக இதைவிட வேகமான வழி இல்லை. மூன்று ஒரு டாலர் நாணயம், இரண்டு கால் டாலர் நாணயம் என்று தயாராக வைத்துக்கொண்டால் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு சென்ட் நாணயத்தை 2014-லேயே விலக்கிவிட்டார்கள். ரொக்கமாகக் கொடுக்கும்போது தொகையை ஐந்து சென்டுக்கு ஏற்ப முழுமையாக்குவார்கள், அது ஏமாற்று இல்லை.

ரொக்கம் கட்டாயம் தேவைப்படுகிற மற்ற இடங்கள்: சாலையோர இளநீர்க் கடை, கடற்கரையில் நாற்காலி வாடகைக்கு விடுபவர்கள், ரம் கடைகள், சனிக்கிழமை காலை சீப்சைடு மார்க்கெட், வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ். ஆய்ஸ்டின்ஸ் மீனவர் ஊர். வெள்ளிக்கிழமை இரவு வரிசையாகக் கடை போட்டு மீனைச் சுட்டும் பொரித்தும் 'மக்ரோனி பை' என்கிற, சீஸ் சேர்த்துச் சுட்ட மக்ரோனியோடு தருவார்கள். சில கடைகளில் கார்டு மெஷின் இருக்கிறது. ஆனாலும் கூட்ட நேரத்தில், அடுப்புக்கும் தட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் பெண்மணியை நிறுத்தி மெஷினைத் தேடச் சொல்வதைவிட, நோட்டை நீட்டுவதுதான் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

சரி, இந்த ரொக்கத்தை எங்கே எடுப்பது? விமான நிலையத்திலேயே ஏடிஎம் இருக்கிறது. வொர்திங், ஹேஸ்டிங்ஸ், பிரிட்ஜ்டவுன் பிராட் ஸ்ட்ரீட் எங்கும் வங்கிகளும் ஏடிஎம்களும் உண்டு. மெஷின் பார்படாஸ் டாலரைத்தான் தரும். எவ்வளவு எடுத்தாலும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் விழுவதால், சிறுகச் சிறுக எடுக்காமல் வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து எடுப்பதே எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்கு முன்னாலேயே எடுத்துவிடுவோம். விடுமுறையோடு சேர்ந்த வார இறுதி ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு மெஷினில் பணம் இல்லாமல் திரும்பியிருக்கிறோம். வங்கிக்குள் போய் வரிசையில் நிற்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள், வங்கிகள் மதியமே மூடிவிடும்.

"அமெரிக்க டாலரே எல்லா இடத்திலும் வாங்குகிறார்களே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் அதிகம். கப்பலில் வந்து ஒரே பகல் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது சரிதான். கடைக்காரர் இரண்டுக்கு ஒன்று என்றே கணக்கு போடுவார். அது வங்கியில் ரொக்கத்துக்குத் தருகிற ரேட்டைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் மீதியைப் பேஜனில்தான் தருவார்கள், அதனால் ஐம்பது, நூறு நோட்டோடு வந்தால் பை நிறைய உள்ளூர்ப் பணம் சேர்ந்துவிடும். ஒன்று, ஐந்து, பத்து நோட்டாகக் கொண்டுவருவது நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர்கள் உள்ளூர்ப் பணத்திலேயே இருங்கள் என்பது என் உறுதியான கருத்து. விலை எந்த டாலரில் என்ற குழப்பமே அதோடு பெருமளவு தீர்ந்துவிடும். கனேடிய டாலரை வங்கி மாற்றித் தரும், கடையில் எதிர்பார்க்க வேண்டாம்.

டாக்சிக்கு மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம். ஏறும் முன்பே தொகையையும் எந்த டாலர் என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். படகில் கடலாமை பார்க்க அழைத்துப் போகிறவர்களிடமும் அப்படியே. சுற்றுலாக்காரர்களுக்கான விலைகளை யூஎஸ்ஸில்தான் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டு கேட்டால் சரியாக இருக்கும்.

கார்டு விஷயத்தில் பார்படாஸ் வசதியான ஊர். சூப்பர்மார்க்கெட், உணவகம், பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் தட்டினால் போதும். கவனிக்க வேண்டியவை வேறு. சில மெஷின்கள் "உங்கள் நாட்டுப் பணத்திலா, பார்படாஸ் டாலரிலா?" என்று கேட்கும். எப்போதும் பார்படாஸ் டாலரையே அழுத்துங்கள். நம் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தால் மெஷின்காரர் வைத்ததுதான் ரேட். பெரும்பாலான கனேடிய கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 சதவீதம் சேர்ப்பதால், அந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை இதற்காகவே வாங்கி வைத்திருக்கிறோம். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அது தெளிவாகவே மிச்சம்.

அப்புறம், உணவக பில். மதிப்புக்கூட்டு வரி 17.5 சதவீதம், அது பெரும்பாலும் மெனு விலையிலேயே அடங்கியிருக்கும். அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணம் பல இடங்களில் பில்லில் சேர்ந்தே வரும். அதைப் பார்க்காமல் கார்டு மெஷின் கேட்கிறதே என்று மறுபடி டிப்ஸ் சேர்க்க வேண்டாம். கட்டணம் சேர்க்காத இடத்தில் தாராளமாகக் கொடுங்கள். அதையும் ரொக்கமாகப் பரிமாறியவர் கையிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது.

கார் வாடகைக்கு எடுத்தால் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். அது திரும்ப விடுபட நாளாகும். அதனால் அன்றாடச் செலவுக்கு வேறு கார்டு இருக்கட்டும். ஒருமுறை என் வங்கி சந்தேகப்பட்டு கார்டையே நிறுத்திவிட்டது. பயணத் தேதியை முன்கூட்டியே சொல்லியிருந்தும் அப்படி நடந்தது. சரிபார்க்கும் குறுஞ்செய்தி கனேடிய எண்ணுக்குத்தான் போனது, அந்த சிம் அப்போது போனில் இல்லை. மனைவியின் கார்டு வேறு வங்கியில் இருந்ததால் சமாளித்தோம். குடும்பத்தில் இருவரும் ஒரே கணக்கின் கார்டுகளைக் கொண்டுவந்தால் இந்த மாதிரி நேரத்தில் உதவாது.

2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா டி20 உலகக்கோப்பையை வென்ற பிறகு, ஊரிலிருந்து நண்பர்களும் பார்படாஸ் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சில விஷயங்கள். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே ஆப்பில் இயக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. கிரெடிட் கார்டில் பணமாற்றக் கட்டணமும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் கார்டு) அமெரிக்க டாலர் ஏற்றி வந்தால், பார்படாஸ் டாலரில் செலவழிக்கும்போது இன்னொரு மாற்றுக் கட்டணம் விழலாம். இப்படி டாலர் ஏற்றிய கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும், பார்படாஸ் டாலரையே அழுத்துங்கள் என்று நான் மேலே சொன்னது மாறும்: மெஷினில் அமெரிக்க டாலர் தேர்வு இருந்து, அதில் காட்டும் தொகை பார்படாஸ் டாலர் தொகையில் சரியாகப் பாதியாக வந்தால், அதையே அழுத்தலாம். யுபிஐ வாங்கும் கடை எதையும் நான் அங்கே பார்த்ததில்லை.

பக்கத்துத் தீவுக்கு எட்டிப் பார்க்கிறவர்கள் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா போன்றவற்றில் கிழக்குக் கரீபிய டாலர், அமெரிக்க டாலருக்கு 2.70. பார்படாஸ் நோட்டை வைத்துக்கொண்டு அங்கே கடைக்குப் போகாதீர்கள்.

கடைசி வாரம்தான் கொஞ்சம் யோசித்துச் செலவழிக்க வேண்டும். பார்படாஸ் டாலரை அந்த நாட்டுக்கு வெளியே மாற்றுவது மிகவும் கடினம். அங்கேயே வங்கியில் அயல்நாட்டுப் பணமாகத் திருப்பினால் 2017-லிருந்து 2 சதவீதக் கட்டணம் இருக்கிறது, ரேட் வித்தியாசம் வேறு. அதனால் புறப்படுவதற்கு நாலைந்து நாள் முன்பு ஏடிஎம் பக்கம் போவதை நிறுத்திவிடுவோம். கையில் மிஞ்சிய ரொக்கத்தைச் சூப்பர்மார்க்கெட் பில்லில் முதலில் கொடுத்து, மீதியைக் கார்டில் தட்டச் சொல்வோம். காசாளர்கள் மறுக்காமல் செய்து தருகிறார்கள். விமான நிலையத்துக்குப் போகிற டாக்சிக் காசை மட்டும் பேஜனில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதை மிளகு சாஸிலும் ரம்மிலும் போட்டுவிடலாம்.