கேஷ்லெஸ் முன் அனுமதி: புது விதிகளுக்குப் பிறகு எது மாறியது, எது மாறவில்லை

2024 மே மாத இறுதியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை, கேஷ்லெஸ் (மருத்துவமனை பில்லை காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் முறை) முன் அனுமதிக்கு 1 மணி நேரமும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரமும் கெடு வைத்தது. டிஸ்சார்ஜில் கெடு தாண்டி, அதனால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால், அந்தத் தொகை காப்பீட்டு நிறுவனத்தின் பங்குதாரர் நிதியிலிருந்து போக வேண்டும், உங்களிடமிருந்து அல்ல.

முதல் கெடு ஓரளவு வேலை செய்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வருவது அனுமதியாக இல்லாமல் 'க்வெரி'யாகவும், அதாவது கூடுதல் விளக்கம் கேட்கும் கேள்வியாகவும், இருக்கலாம். பெரும்பாலான க்வெரிகளுக்கு விதை, முன் அனுமதிப் படிவத்தில் மருத்துவர் நிரப்பும் பகுதிதான்: நோய் எத்தனை நாளாக, முதலில் எப்போது காட்டினீர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் எப்போதிலிருந்து. பாலிசி எடுத்து இரண்டு ஆண்டு ஆகியிருக்க, டியூட்டி டாக்டர் அவசரத்தில் 'பல வருடமாக' என்று எழுதிவிட்டால் போதும். பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்தீர்களோ என்று பழைய சீட்டு எல்லாம் கேட்பார்கள். படிவம் டிபிஏவுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) போகும் முன் அந்தப் பக்கத்தை வாங்கிப் படியுங்கள். தவறு இருந்தால் பிறகு திருத்தக் கடிதம் தந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உண்மையிலேயே பழைய நோய் என்றால் மறைக்க வேண்டாம்: தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடியிருந்தால், மோசடி நிரூபணமானால் ஒழிய, சொல்லவில்லை என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டு.

திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு, சேரும் நாளன்று காலையில் படிவம் அனுப்புவது வீண் வேலை. மூன்று நான்கு நாள் முன்பே ஸ்கேன் அறிக்கை, செலவு மதிப்பீட்டோடு போய்விட வேண்டும். முதலில் வரும் அனுமதி மதிப்பீட்டில் ஒரு பகுதிக்குத்தான் இருக்கும். பதற வேண்டாம், மீதியை மருத்துவமனை இறுதி பில்லோடு நிறுவனத்திடம் கேட்கும்.

டிஸ்சார்ஜ்தான் இன்னும் தலைவலி. 3 மணி நேரம் ஓடத் தொடங்குவது டாக்டர் "போகலாம்" என்றதும் அல்ல, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்ததும்தான். மிச்ச மருந்தைத் திருப்பி, டிஸ்சார்ஜ் சம்மரியில் (சிகிச்சைச் சுருக்க அறிக்கை) கையெழுத்தாகி, பில் முடியவே அரை நாள் போய்விடும். இந்தத் தாமதத்துக்கு எந்தக் கெடுவும் கைகொடுக்காது. எனவே சம்மரியை முந்தைய மாலையே தயாரிக்கச் சொல்லுங்கள். ஸ்டென்ட், செயற்கை மூட்டு வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்சும் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். க்வெரி அதிகம் வருவது அங்கேதான்.

அறை வாடகை பாலிசி வரம்பைத் தாண்டினால் டாக்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டுப்படலாம். மருந்து, இம்பிளான்ட், பரிசோதனைச் செலவுகளில் அப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் கேளுங்கள்.

கேஷ்லெஸ் மறுத்தால் க்ளெய்மே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பணம் கட்டிவிட்டு, பிறகு அதைத் திருப்பித் தரும்படி ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். க்ளெய்மையே நிராகரிப்பதானால் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும், எந்த பாலிசி நிபந்தனையின்படி என்றும் சொல்லியாக வேண்டும். அதை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (நிறுவனத்துக்கு வெளியே புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.