மூடிய அமைப்பா, கஸ்டம் லூப்பா? ஓசையற்ற திரவக் குளிரூட்டல் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

மேசைக் கணினிக்குத் திரவக் குளிரூட்டல் வேண்டும் என்று முடிவெடுத்தவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஆலையிலேயே திரவம் நிரப்பி மூடப்பட்டு வரும் ஏஐஓவை (ஆல்-இன்-ஒன்) வாங்கித் திருகி மாட்டலாம்; அல்லது பம்ப், திரவம் தேங்கும் ரிசர்வாயர், விசிறிகளால் வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர், சில்லின்மேல் அமர்ந்து வெப்பத்தைத் திரவத்துக்குக் கடத்தும் வாட்டர் பிளாக், குழாய் என ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கி, கஸ்டம் லூப் ஒன்றை நாமே கட்டலாம். முதல் வழியில் ஐந்து ஆண்டுகளும் இரண்டாவதில் மூன்று ஆண்டுகளும் அதே கேபினட்டையே பயன்படுத்திய பிறகு, கஸ்டம் லூப்பின் பக்கம் நான் உறுதியாகச் சாய்ந்திருக்கிறேன். அதற்கான காரணம், பலரும் முதலில் கேட்கிற வெப்பநிலை அன்று.

விலையிலும் உழைப்பிலும் ஏஐஓவே மேல் என்பதில் விவாதத்திற்கு இடமில்லை. அதைப் பொருத்த ஒரு மணி நேரம் போதும். எனக்கு லூப் கட்டி முடிக்க இரண்டு முழு நாள்கள் ஆயின. கணினியின் மையச் சில்லான சிபியு மட்டுமே குளிர்விக்கப்படும்போது வெப்பநிலையிலும் பெரிய வேறுபாடு கிடைக்காது. சில்லின் சிறு பரப்பிலிருந்து அதன் உலோக மூடியைக் கடந்து வெப்பம் வெளியே வருவதுதான் தடை. திரவத்தை எட்டிய பிறகு அதை வெளியேற்ற 360 மி.மீ. ரேடியேட்டர் இரு வகையிலும் போதுமானது. 2022இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 சிபியு வரிசையின் உயர்நிலைச் சில்லுகள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு இயங்கும்படியே வடிவமைக்கப்பட்டவை என்பதை நினைத்தால், சிபியுவில் இரண்டு மூன்று டிகிரிகளுக்காக லூப் கட்டுவது பயனற்ற செலவு என்பது விளங்கும்.

ஓசை என்று வரும்போதுதான் வழிகள் பிரிகின்றன. மின்விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். ஆகவே பெரிய ரேடியேட்டரில் மெதுவாகச் சுழலும் விசிறிகளே அமைதிக்கு அடிப்படை. ஆனால் ஏஐஓ உள்ள கணினியில் கிராபிக்ஸ் கார்டு தன் சொந்த விசிறிகளோடுதான் பெரும்பாலும் இயங்குகிறது. ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற 450 வாட் கார்டு ஒன்று முழுச் சுமையில் இருக்கையில், சிபியுவின் விசிறிகளை எவ்வளவு அடக்கினாலும் அறையில் கேட்பது கார்டின் இரைச்சலே. லூப்பில் கார்டையும் சேர்த்துவிடலாம். பம்பின் இருப்பிடமும் வேறு: ஏஐஓக்களில் அது பெரும்பாலும் சிபியுவின் மேலேயே மதர்போர்டோடு திருகப்பட்டிருப்பதால், அதன் அதிர்வு நேராகக் கேபினட்டின் தகடுகளுக்குப் போகிறது. லூப்பில் பம்பை மெத்தென்ற நுரைத் துண்டின்மேல் தனியாக வைக்கலாம். என்னுடைய டி5 வகைப் பம்பின் உச்ச வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 4,800 சுற்று. நான் 2,200இல் ஓட்டுகிறேன். காதைக் கேபினட்டில் ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது; இப்படிக் குறைத்ததால் கூடிய வெப்பநிலை இரண்டு டிகிரிக்கும் குறைவு.

இவை எல்லாவற்றையும் விட என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பே. வாங்கிய வாரத்தில் இரு வகையுமே அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதி எத்தனை ஆண்டு நிலைக்கும், கெட்டால் அதை மீட்க முடியுமா என்பதே கேள்வி. மூடிய அமைப்பு என்றாலும் ரப்பர் குழாயின் சுவர் வழியே நீர் மிக மெல்ல ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. இழந்த நீரின் இடத்தைக் காற்று பிடிக்கிறது. அந்தக் காற்று எப்போதும் திரவம் ஓடும் சுற்றின் உச்சியில் போய்த் தங்கும். உச்சியில் இருப்பது பம்பாக இருந்தால் இரைச்சலோடு அதன் ஆயுளும் குறையும், ஏனெனில் பம்பின் தாங்கிக்கு மசகாக இருப்பதும் அதே திரவம்தான். என் ஏஐஓவை நான் கேபினட்டின் முன்பக்கத்தில், குழாய்கள் மேலே வரும்படி மாட்டியிருந்தேன். ஐந்தாம் ஆண்டில், காலையில் கணினியை இயக்கியதும் குடத்திலிருந்து நீர் சரிவதைப் போன்ற களகளப்பு கேட்கத் தொடங்கியது. கேபினட்டைச் சாய்த்துப் பிடித்தால் சில நாள் அடங்கும், பிறகு திரும்பும். அதில் நிரப்புவாய் இல்லை, உத்தரவாதமும் முடிந்திருந்தது. பிரித்துப் பார்த்தபோது, சிபியுவின்மேல் அமரும் செப்புத் தகட்டின் மயிரிழை போன்ற பள்ளங்களில் சாம்பல் நிறக் குழம்பு அப்பியிருந்தது. செப்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே திரவத்தில் இருக்கையில் அரிப்பைத் தடுப்பது அதில் கலந்துள்ள வேதிப்பொருள் மட்டுமே. பம்ப் நன்றாக இருந்தும் முழு அமைப்பையும் நான் குப்பையில் போட வேண்டியதாயிற்று. பி கொயட்டின் ப்யூர் லூப் போல நிரப்புவாயோடு வரும் ஏஐஓக்களும் உள்ளன. ஏஐஓதான் வேண்டும் என்பவர் முதலில் அப்படிப்பட்டதைத் தேடுவது நல்லது.

கஸ்டம் லூப்புக்குப் பராமரிப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஏஐஓவை விட அது அடிக்கடி தேவை. ஆனால் செய்ய முடிகிறது என்பதே வேறுபாடு. அலுமினியத்தை முற்றிலும் தவிர்த்துச் செப்பு, பித்தளைப் பாகங்களையே வாங்கினேன். ஒளி புகும் பிவிசி குழாயிலிருந்து, அதை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் திரவத்தில் கசிந்து வாட்டர் பிளாக்கின் பள்ளங்களை அடைக்கும் என்பதால், பார்வைக்கு எடுப்பாக இல்லாத கறுப்பு இபிடிஎம் ரப்பர் குழாயைத் தேர்ந்தேன். நிறமூட்டிய, பால்போன்ற கூலன்ட்டுகளையும் அதே காரணத்துக்காக ஒதுக்கினேன். ஆண்டுக்கு ஒருமுறை, அடியிலுள்ள வால்வைத் திறந்து வடித்துப் புதுக் கூலன்ட் நிரப்ப ஒரு பிற்பகல் ஆகிறது. சென்ற ஆண்டு பிளாக்கையும் பிரித்தேன்: ஓரத்தில் நான்கைந்து வெண்துகள்கள் இருந்தன, பழைய பல் துலக்கியால் தேய்த்ததும் போய்விட்டன.

கசிவைப் பற்றிய அச்சம் நியாயமானது. நீரை ஊற்றும் முன் காற்றழுத்தச் சோதனைக் கருவியால் லூப்பை அரை பார் அழுத்தத்திற்கு ஏற்றி, முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். என் லூப்பில் கால் மணி நேரத்தில் முள் இறங்கியது. ஒரு ஃபிட்டிங்கின் (குழாய் இணைப்பின்) ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. ஒரு சொட்டு நீர் சிந்தாமலே குறை பிடிபட்டது. பிறகு மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளைத் தாள் வைத்து ஓர் இரவு முழுதும் விட்டேன். குமிழிகள் வெளியேறி ரிசர்வாயரின் மட்டம் நிலைக்க மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை மெல்லிய களகளப்பு இருப்பது இயல்பு.

விசிறிகளைச் சிபியுவின் வெப்பநிலையோடு இணைப்பதுதான் அமைதியைக் கெடுக்கும் பொதுவான தவறு. ஒரு நிரலைத் திறந்தாலே சிபியு கண நேரத்தில் 20 டிகிரி தாவும். விசிறிகளும் சீறி எழுந்து அடங்கும். திரவமோ சூடேறப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். ஆகவே 10 கிலோ ஓம் வெப்ப உணரி ஒன்றை லூப்பில் வைத்து, மதர்போர்டின் இரு ஊசி இணைப்பில் செருகி, திரவத்தின் வெப்பநிலையைக் கொண்டே விசிறிகளை இயக்குகிறேன்: 34 டிகிரி வரை மிகக் குறைந்த வேகம், அதற்கு மேல் மெதுவான ஏற்றம், 45இல் முழு வேகம். அறையின் வெப்பநிலையை விடத் திரவம் குளிர முடியாது என்பதால், வெயில் காலத்தில் இந்த எண்களை மேலே நகர்த்த வேண்டியிருக்கும். ஏஐஓவிலும் சில வகைகள் திரவ வெப்பநிலையைக் காட்டுகின்றன. காட்டாதவற்றுக்கு, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸில் விசிறியின் எதிர்வினைத் தாமதத்தைக் கூட்டினால் ஓரளவு பலன் உண்டு.

டி5 பம்புக்குக் குறிப்பிடப்படும் ஆயுள் 50,000 மணி நேரம். என்னுடையது அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பதால், பத்தாண்டு நிற்கும் என்று நான் உறுதி தர இயலாது. வளைத்துப் பொருத்தும் கடினக் குழாயையும் நான் கையாண்டதில்லை. சிபியுவை மட்டும் குளிர்வித்து, நான்கைந்து ஆண்டுகளில் கணினியையே மாற்றிவிடுபவருக்கு ஏஐஓ போதும். ரேடியேட்டரைக் கேபினட்டின் மேற்புறத்தில் மாட்டினால் காற்று பம்பை அண்டாது.

லூப்பின் பெரிய குறை கிராபிக்ஸ் கார்டை மாற்றும்போது தெரியும். அந்தக் கார்டுக்கென்றே செய்யப்பட்ட வாட்டர் பிளாக் அடுத்த கார்டுக்குப் பொருந்தாது, விற்கவும் ஆள் கிடைப்பது அரிது. கார்டைக் கழற்றவே முழு லூப்பையும் வடிக்க வேண்டியிருப்பது இன்னொரு தொல்லை. அடுத்த கூலன்ட் மாற்றத்தின்போது கார்டின் இருபுறக் குழாய்களிலும், லூப்பை வடிக்காமலே கழற்ற உதவும் விரைவு இணைப்பான்களைப் பொருத்திவிட எண்ணியிருக்கிறேன்.