கேட்காத காது: பிராட்பென்ட்டா, ட்ரீஸ்மனா?

பல பேச்சுகளுக்கு நடுவே மனம் ஒன்றை மட்டும் எப்படிக் கவனிக்கிறது? பிராட்பென்ட், ட்ரீஸ்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு வெவ்வேறு விடை தந்தார்கள். முதலில் ஒரு சோதனை: ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் உரக்கத் திருப்பிச் சொல்லச் சொன்னார் ஆய்வாளர் காலின் செர்ரி. 1953இல் வெளிவந்த ஆய்வு இது. இன்னொரு காதில் ஆண் குரல் பெண் குரலாக மாறியது பலருக்குத் தெரிந்தது. ஆனால் என்ன பேசினார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூட உறைக்கவில்லை!

1958இல் டொனால்ட் பிராட்பென்ட் தந்த விளக்கம் எளிமையானது: குரலின் தன்மை, ஒலி வரும் திசை போன்ற மேலோட்டமான அடையாளங்களை வைத்து மனம் ஒரு பேச்சைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றது பொருள் புரியும் முன்பே வடிகட்டப்படுகிறது.

சரி, கவனிக்காத காதில் நம் பெயர் வந்தால்? நெவில் மோரே 1959இல் சோதித்தார். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தங்கள் பெயரைப் பிடித்துவிட்டார்கள். பிராட்பென்ட்டுக்கு இங்கேதான் சிக்கல்.

ஆன் ட்ரீஸ்மன் அந்த வடிகட்டியைத் தூக்கி எறியவில்லை, கொஞ்சம் தளர்த்தினார். அது எதையும் முழுதாக அடைப்பதில்லை, ரேடியோ குமிழைத் திருகியதுபோல் சத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சொந்தப் பெயர் போன்ற சொற்களுக்கு அந்த மங்கிய சத்தமே போதும். அவருடைய சோதனையில் வாக்கியத்தின் தொடர்ச்சி பாதியில் மறு காதுக்குத் தாவியபோது, சிலர் தங்களை அறியாமல் ஓரிரு சொற்கள் அதன் பின்னாலேயே போனார்கள்.

என் ஓட்டு ட்ரீஸ்மனுக்கு. ஒரு குறை: எவ்வளவு குறைகிறது என்பதை அவர் கோட்பாடு தெளிவாகச் சொல்வதில்லை. பிராட்பென்ட் சொன்னதோ தெளிவாக இருந்தது, அதனால்தான் அதை ஒரே சோதனையில் மடக்க முடிந்தது.