தரம் 6 முதல் 9 வரை கணிதம்: லோக்கலா, லண்டனா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: பிள்ளையை லோக்கல் சிலபஸிலேயே (இலங்கை அரசாங்கப் பாடத்திட்டம்) விடுவதா, லண்டன் சிலபஸுக்கு (இன்டர்நேஷனல் ஸ்கூல்களின் பிரித்தானியப் பாடத்திட்டம்) மாற்றுவதா? (கொழும்பில் கேம்பிரிட்ஜ் சிலபஸையும் 'லண்டன்' என்றுதான் சொல்வார்கள். இங்கே சொல்வது கேம்பிரிட்ஜைப் பற்றி.) கணிதத்தை மட்டும் பார்ப்போம்.

பாடப்பரப்புக்காக மாற்றத் தேவையில்லை. பின்னம், சதவீதம், விகிதம், திசைகொண்ட எண்கள் (+, − எண்கள்), சமன்பாடு, நிகழ்தகவு எல்லாம் இரண்டிலும் உண்டு. பைதகரஸ் தேற்றமும் இரண்டிலும் ஒன்பதாம் ஆண்டில்தான். லோக்கலில் தரம் 9இல் துவித எண்களும் (0, 1 மட்டும் கொண்டு எழுதுபவை) வெளிப்படை உண்மைகளும் (நிறுவாமலே ஏற்கும் அடிப்படைக் கூற்றுகள்) கூடுதல்.

வித்தியாசம் கேள்வி கேட்கும் விதத்தில் இருக்கிறது. 1200 ரூபாப் பொருளுக்கு 20% கழிவு, விற்பனை விலை என்ன? இது லோக்கல் பாணி. படிமுறை எழுதி 960 என்று முடித்தால் சரி. லண்டன் பாணியில் இப்படி வரும்: 1000 ரூபாப் பொருளின் விலையை 20% கூட்டி, அப்புறம் 20% குறைத்தால் பழைய விலையே வரும் என்கிறான் ஒருவன், சரியா, ஏன்? கணக்கு அதே 960தான். ஆனால் இரண்டாவது 20% எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பிள்ளை சொல்லியாக வேண்டும். டியூஷனில் படிமுறையை மனப்பாடம் செய்த பிள்ளை இங்கேதான் முழிக்கும்.

கேத்திரகணிதத்தில் (வடிவியல்) என் ஓட்டு லோக்கலுக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'குத்தெதிர்க் கோணங்கள்', 'ஒன்றுவிட்ட கோணங்கள்' என்று காரணம் எழுதிப் பழகுவது பின்னால் நிறுவல்களுக்கு நன்றாகக் கைகொடுக்கும்.

கல்குலேட்டர் விஷயம் வேடிக்கை. லோக்கல் தரம் 9 புத்தகத்தில் அதற்கென்றே ஒரு பாடம் உண்டு. தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கோ கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது, மடக்கை அட்டவணைதான். கேம்பிரிட்ஜில் ஒன்பதாம் ஆண்டு முடிவில் எழுதும் செக்பொயின்ட் பரீட்சையில் ஒரு தாள் கல்குலேட்டர் இல்லாமல், மற்றது அதோடு.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு: அதே லோக்கல் பாடத்தை ஆங்கில மீடியத்தில் படிப்பது. அரசாங்கப் பாடசாலையில் புத்தகமும் இலவசம். ஆங்கிலத்துக்காக மட்டும் லண்டன் சிலபஸைத் தேடுபவர்கள் முதலில் இதை விசாரிப்பது நல்லது, எல்லாப் பாடசாலையிலும் இருக்காது.

பிள்ளை இங்கேயே உயர்தரம் எழுதப்போகிறது என்றால் லோக்கலே போதும், லண்டன் பாணி 'ஏன்' கேள்விகளை வீட்டில் கேட்டால் சரி. வெளிநாட்டுப் படிப்பு உறுதி என்றால் தரம் 6இலேயே மாற்றிவிடுங்கள். லண்டனில் தொடங்கி தரம் 9 முடிந்து லோக்கலுக்குத் திரும்புவதுதான் சிக்கல்: கல்குலேட்டர் போய்விடும், கோணக் கணக்குகளுக்குக் காரணம் எழுதும் பழக்கத்தையும் புதிதாகப் பிடிக்க வேண்டும், சாதாரண தரத்துக்கு இரண்டே வருடம்.