மூட்டு வலி மாத்திரைக்கு 'நடுநிலை ஒப்பீடு' எழுதும் தளங்கள்: உஷார்

அம்மாவின் மூட்டு வலிக்கு இணையத்தில் மாத்திரை வாங்கி ஏமாந்துவிட்டோம். பணம் போனதைவிட, அதை வாங்கவைத்த கட்டுரையின் மீதுதான் எனக்கு ஆத்திரம்.

"மூட்டு வலிக்கு ஐந்து மாத்திரைகள்: ஒரு நடுநிலை ஒப்பீடு" என்று தலைப்பு. விளம்பர வாடையே இல்லை. நான்கு மாத்திரைகளைக் காரணத்தோடு குறை சொல்லிவிட்டு, ஐந்தாவதை மட்டும் தயங்கித் தயங்கிப் பாராட்டியிருந்தார்கள். சாமர்த்தியமான எழுத்து, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளைக் கோட்டில் ஒரு டாக்டர் படம், "மருத்துவரால் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு முத்திரை, அடியில் வரிசையாக ஆய்வுக் குறிப்புகள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வேறு. (நாம் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது, அந்தப் பூட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். மறுமுனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023-ல் அந்தச் சின்னத்தையே மாற்றியது.)

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் டப்பாவை வாங்கிப் பார்த்தார். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். உள்ளே இருப்பது குளுக்கோசமைன். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் கூடலாம். கட்டுரையிலோ "பக்கவிளைவு அறவே கிடையாது" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

அன்று ராத்திரியே அந்தப் பக்கத்தைக் குடைந்தேன். ஆய்வுக் குறிப்புகளில் இருந்த டிஓஐ எண்களை (ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரப்படும் தனி அடையாள எண்) அதற்கான தளத்தில் போட்டுப் பார்த்தால், சில எண்களே இல்லை. ஒன்று மீன் வளர்ப்பு பற்றிய கட்டுரைக்குக் கூட்டிப்போனது. உண்மையிலேயே மூட்டைப் பற்றிய ஒன்று, எலிகளை வைத்துச் செய்த ஆய்வு. டாக்டர் படத்தைப் படத் தேடலில் கொடுத்தேன். அதே முகம் ஓரிடத்தில் பல் மருத்துவர், இன்னோரிடத்தில் தலைமுடி நிபுணர், கடைசியில் படங்களை விலைக்கு விற்கும் தளம் ஒன்றில் வெறும் மாடல். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடினால், போன வருடத்துப் பிரதி கிடைத்தது. வரிக்கு வரி அதே கட்டுரை. முதலிடம் பிடித்த மாத்திரையின் பெயர் மட்டும் வேறு! விதிமுறைகள் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் விஷயம் இருந்தது: ஒப்பீடு எழுதியவர்களும் மாத்திரை விற்பவர்களும் ஒரே நிறுவனம்.

கவனித்தீர்களா, அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து எத்தனை தடவை படித்தாலும் இதில் பெரும்பாலானவை தெரிந்திருக்காது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தையும் லோகோவையும் பார்த்துப் பல நேரம் ஏமாந்தார்கள். தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களோ சட்டென்று அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, புது டேப் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். படித்தவர்களே ஏமாந்தார்கள் என்பதால், "நான் படித்தவன், கண்டுபிடித்துவிடுவேன்" என்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "முழுப் பணமும் வாபஸ்" என்ற உத்தரவாதம் பிரிக்காத டப்பாவுக்கு மட்டுமாம். பிரிக்காமல் எப்படிச் சாப்பிடுவது? அதற்குப் பிறகு எந்த மெயிலுக்கும் பதில் இல்லை. பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்து, கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வாங்கியிருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கார்டு கணக்கையும் பாருங்கள். ஒரு டப்பாதான் வாங்கினோம், ஆனால் மாதச் சந்தா என்று எங்களுக்கு மறுபடியும் பணம் பிடித்திருந்தார்கள்.