பஸ் வந்தது, நம்பர் வரவில்லை: 6,000 பவுண்ட் போச்சு

லண்டனில் பழைய ரூட்மாஸ்டர், அதாவது அந்தச் சிவப்பு இரட்டை மாடி பஸ், வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 6,000 பவுண்ட் போனது தெரிந்து மூன்று நாள்தான் ஆகிறது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாமென்று 1961 வண்டி ஒன்று தேடினேன். பழைய வாகனம் விற்கும் ஒரு வியாபாரி, டபிள்யூ.எல்.டி. என்று தொடங்கும் நம்பர் பிளேட்டைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துக் காட்டினார். "பிறந்ததிலிருந்து இதே நம்பர். அதற்குத்தான் 6,000 கூட" என்றார். அந்தத் துடைப்பில் விழுந்தேன். அன்றே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

மறுவாரம் எடுக்கப் போனால் வேறு நம்பர்! அதுவும் வருடத்தைக் காட்டும் எழுத்து இல்லாமல் பழசு மாதிரியே இருந்தது, முதலில் எனக்கே உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். 1963க்கு முந்திய நம்பர்களில் வருடம் தெரியாது. எந்தப் புதுக் காரில் மாட்டினாலும் வயசு வெளியே வராது, அதனால் நம்பருக்கே தனி விலை. லாக் புக் (வண்டியின் பதிவுப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறதோ அவர் 80 பவுண்ட் கட்டி நம்பரை மட்டும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு அதன் வயதுக்கேற்ற வேறு எண் கிடைக்கும். அந்த மாற்று எண்ணை இன்னொரு வண்டிக்கு மாற்றவோ விற்கவோ முடியாது.

போன் செய்தேன். "பேப்பர் வேலை, வந்துவிடும்." அடுத்த நாள், "விளம்பரப் படம் பழையது." நேற்று கடைப் பையன், "பஸ் ஓடுகிறதா இல்லையா?" ஓடுகிறது ராசா, நான் 6,000 கொடுத்தது ஓடுவதற்கா?

இதில் இன்னொரு கூத்து. அந்தக் காலத்தில் ஆல்டன்ஹாம் பணிமனைக்கு ஓவர்ஹாலுக்குப் போன பஸ்களின் பாடியையும் அடிப்பாகத்தையும் பிரித்து, நம்பரை வேறு ஜோடியில் மாட்டி அனுப்பிவிடுவார்கள். ஆக, 'பிறந்ததிலிருந்து' என்பதே சந்தேகம்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன், மனசு ஓடவில்லை. நம்பரோடுதான் விற்கிறேன் என்று எழுதி வாங்குங்கள். லாக் புக் உங்கள் பெயருக்கு மாறும்வரை முழுப் பணம் வேண்டாம். எடுக்கும் நாளில் பிளேட்டையும் லாக் புக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் சிறு கோரிக்கை வழக்குப் போடப்போகிறேன், 10,000 பவுண்ட் வரை போடலாம். கையில் எழுத்து ஒன்றும் இல்லை, அந்தச் சட்டைக் கை மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.